வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

விமான நிலையத்துக்கு வரவேண்டாம் என்று நான் சொன்னது உண்மைதான். "வேலை நாள், லீவெல்லாம் போடாதே, நானே ரயில் பிடிச்சு வந்துடுறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். பதினாறு வருடம் கழித்து ஹாஸ்டல் அறைத்தோழனைப் பார்க்கப் போகிற எவனும் இப்படித்தான் எழுதுவான், அதைப் படிக்கிற எவனும் நம்பமாட்டான். இவன் நம்பினான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிராங்ஃபர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, பெயர்ப்பலகை பிடித்து நின்றவர்களின் தோளுக்கு மேலே நான் அவன் முகத்தைத் தேடினேன் என்பதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவன் இல்லை. செல்பேசியில் ஒரு கோப்பு மட்டும் வந்திருந்தது. ஸ்டுட்கார்ட் போகும் ரயிலின் எண், பெட்டி, இருக்கை, நடைமேடையில் எந்த எழுத்துப் பலகைக்குக் கீழே நின்றால் என் பெட்டி சரியாக முன்னால் வந்து நிற்கும் என்பதுவரை போட்டு, அந்த ரயில் தவறினால் அடுத்தது, அதுவும் தவறினால் அதற்கடுத்தது. கல்லூரியில் செமஸ்டர் தேர்வு எந்த அரங்கில் என்று காலை எட்டரைக்கு என்னிடம் கேட்டுக்கொண்டு ஓடியவன் போட்ட அட்டவணை இது.

ரயில் ஐம்பது நிமிடம் தாமதம். ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் எல்லாம் போய்விட்டது. 2024-இல் அவர்களுடைய நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தாமதமே இல்லை என்று கணக்கில் எழுதிக்கொண்ட பிறகு. நான் பதறிப்போய்ச் செய்தி அனுப்பினேன். "ம், வழக்கம்தான்" என்று பதில் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு நாடும் ஒன்று.

ஸ்டுட்கார்ட் நிலையத்தில் இறங்கியவனுக்கு ஊரைப் பார்ப்பதற்கு முன் ஒரு பெரும் பள்ளத்தைச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. நிலையத்தைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகும் வேலை 2010-இல் தொடங்கியது, நான் போன 2025 செப்டம்பரிலும் முடிந்தபாடில்லை. ஊரே ஒரு கிண்ணம் மாதிரி. நடுவில் தட்டையான நகரம், சுற்றிலும் சரிவு, சரிவில் வீடுகள், வீடுகளுக்கு நடுவே திராட்சைத் தோட்டங்கள். அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் ஏறி இறங்கப் போட்ட படிக்கட்டுகள் நானூறுக்கு மேல் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் உச்சியில் இவன் வீடு. இருபத்துமூன்று கிலோ பெட்டியோடு ஏறினேன்.

வாசலில் அழைப்புமணிப் பலகை. வீட்டு எண் எதுவும் கிடையாது, வெறும் குடும்பப்பெயர்கள். ஆறு பெயர். ஐந்து ஜெர்மன், ஒன்று அவன் அப்பா பெயர்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்மாட்களுக்கு ஏது குடும்பப்பெயர்? இனிஷியல்தான். அங்கே பதிவு அலுவலகத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றதும், பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயரே இவனுக்குக் குடும்பப்பெயராகிவிட்டது. அலுவலகக் கடிதம், மருத்துவமனை வரிசை, பக்கத்து வீடு, எல்லா இடத்திலும் "ஹெர்" (நம்ம "திரு") போட்டு அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் அவருக்கு நேரே அவர் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான் இருந்திருப்பார்கள். அவன் அம்மா தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார். அந்த அம்மாவிடம் ஒருமுறை வீடியோவில் மணிப்பலகையைக் காட்டினானாம். "அழுத்தினா அவுக வருவாகளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம். அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்.

(இவன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். எழுதினால் கொன்றுவிடுவான். அந்தரங்கம் என்பது அந்த நாட்டுக்காரர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. 2010-இல் கூகுள் தெருத்தெருவாகப் படம் எடுத்தபோது சுமார் 2,44,000 வீட்டார் "என் வீட்டை மங்கலாக்கு" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆட்கள் வாசலில் பெயரை எழுதி ஒட்டியிருப்பது எப்படி என்று கேட்டேன். "தபால்காரருக்கு வேணும்ல" என்றான்.)

பெட்டியைப் பிரித்தோம். நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் கோவில்பட்டி போய் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கடலைமிட்டாய், மிதுக்கு வத்தல், பருப்புப் பொடி, இன்னும் பெயர் தெரியாத ரெண்டு மூன்று வத்தல்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் ஒரு கிலோ ஆள் அனுப்பி வாங்கி வைத்திருந்தார். ஐரோப்பாவுக்குள் பால் பண்டமும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது, மீன் என்றால் பரவாயில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கருவாட்ட விடுவானாம், பால்கோவாவ விடமாட்டானாம். என்ன ஊருய்யா அது" என்று அந்த ஒரு கிலோவையும் என் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முட்டி. ரெண்டு முட்டியும் மாற்ற வேண்டும், முதல் அறுவைச் சிகிச்சைக்கு அக்டோபரில் நாள் குறித்தாயிற்று. "அவங்கிட்ட சொல்லியாச்சு. வரவேண்டாம்னும் சொல்லிட்டேன். அவனுக்கு எங்க லீவு கிடைக்கும்? தங்கச்சி இருக்கா, பாத்துக்குவா." இதைச் சொன்னவர், காபி குடிக்கும்போது மறுபடி சொன்னார். "வரவேண்டாம்னு சொல்லிட்டேன்யா." நான் செருப்பு மாட்டும்போது மூன்றாம் தடவை. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் என்ன அகராதி வேண்டும்?

சரி, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படிக்கட்டு.

சனிக்கிழமை காலை அவன் வீட்டுக் கதவில் ஒரு மரப்பலகை தொங்கியது. 'கேர்வொஹ'. பெருக்கும் வாரம். அந்த வாரம் பொதுப் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது அவன் முறை, முடித்ததும் பலகையைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். இதற்கு ஐந்நூறு வருட வரலாறு உண்டாம். ஒவ்வொருவரும் தன் குப்பையை வாராவாரம் ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று 1492-இலேயே அந்த ஊர்ச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். கொலம்பஸ் கப்பலேறிய வருடம் இவர்கள் சாணி அள்ள முறை வைத்திருக்கிறார்கள். 1988-இல் மேயர் மான்ஃப்ரெட் ரொம்மல் காலத்தில் நகராட்சி விதியாக இருந்ததை எடுத்துவிட்டார்கள், ஆனால் வாடகை ஒப்பந்தங்களில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நான் கூட்டினேன், அவன் துடைத்தான். ஹாஸ்டலில் இவன் கட்டிலுக்கு அடியில் எலி குட்டி போட்டிருந்தது, அதைக் கண்டுபிடித்ததே மூன்றாவது வாரம்தான். இங்கே படியின் ஓரத்து மூலையை விரலில் துணி சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கேலி பண்ண வாயெடுத்தபோது மேல்மாடி அம்மாள் இறங்கி வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். படியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கால்மிதியை ஒரு முனையில் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். "மிதிக்கு அடியில கூட்டலையாம்" என்று இவன் மொழிபெயர்த்தான். எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்குச் சண்டைதான் என்று நினைத்தேன். அந்த அம்மாளோ அதே மூச்சில், நாளை மூன்றரைக்கு இருவரும் காபிக்கு வாருங்கள், பிளம்ஸ் கேக் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இது எப்படி நடந்திருக்கும் என்று யோசித்தேன். நேரில் பார்க்கும்போது "என்ன சார், ஊர்லேருந்து பிரெண்டா?" என்று சிரிப்பு. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "சில குடியிருப்பாளர்கள் பொது இடத்தின் தூய்மையைப் பேணுவதில்லை என்பது வருத்தம் அளிக்கிறது". அதற்கு நாலு கும்பிடு. அந்தச் சிலர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் பெயர் சொல்லமாட்டார், ஆறு மாதம் லிஃப்டில் முகம் திருப்பல். எது மேல் என்று கேட்டால், கால்மிதியைத் தூக்கிக் காட்டுவதுதான் மேல் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் முதல் அரை நிமிடம் வலிக்கத்தான் செய்கிறது, அதை மறைக்கவில்லை.

அந்தப் பகுதிக்காரர்களை ஸ்வாபியர்கள் என்பார்கள். திட்டாமல் விட்டாலே அது பாராட்டு என்று அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. கேட்டதும் எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு "சரி" என்றவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி பாட்டில்களைக் கொண்டுபோய்ப் போடலாம் என்று பையைத் தூக்கினேன். கையைப் பிடித்துவிட்டான். கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போட்டால் சத்தம் கேட்கும், ஞாயிறன்று கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கடை கிடையாது, ரயில் நிலையத்திலும் ஒன்றிரண்டு பேக்கரியிலும் கிடைத்தால் உண்டு. ஞாயிறு என்பது வேலை ஓய்வுக்கும் மன உயர்வுக்குமான நாள் என்று 1919-ஆம் வருட வைமார் அரசியலமைப்பில் எழுதி, அதை இப்போதைய அரசியலமைப்பிலும் அப்படியே சேர்த்து வைத்திருக்கிறார்கள். மன உயர்வு எனக்கு வரவில்லை, மிக்சர் தின்னத்தான் வாய் ஊறியது. காலி பாட்டில் எல்லாமே குப்பை இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் கையில் வரும். பார்க்கில் பீர் குடித்தவர்கள் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள், பொறுக்குகிறவர் தொட்டிக்குள் கைவிடாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மூன்று இருபத்தைந்துக்குக் கிளம்பி, மேல்மாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். "மணி அடி" என்றேன். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றான். முன்னால் போவதும் மரியாதை இல்லையாம். மூடிய கதவுக்கு முன்னால் ரெண்டு தடித்த ஆண்கள், ஒருவன் கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம், மௌனமாக நிற்கும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

உள்ளே மேஜையில் பூப்போட்ட பீங்கான், நடுவில் தட்டு நிறையக் கேக். பாதி பிளம்ஸ் பழங்களை வரிசையாக ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கி, மேலே இலவங்கப்பட்டைச் சர்க்கரை தூவி, பக்கத்தில் ஒரு கிண்ணம் அடித்த கிரீம். வாசனை வாசலிலேயே வந்தது. ஒரு துண்டு சாப்பிட்டேன். புளிப்பும் இனிப்பும், அடியில் மெத்தென்ற மாவு. இன்னொரு துண்டு வேண்டும் என்று உடம்பில் ஒவ்வொரு அணுவும் சொன்னது. அம்மாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். நான், என் பாட்டி வளர்த்த பையன், வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்து, "நைன், டாங்கே" என்றேன். வேண்டாம், நன்றி.

அம்மாள் தலையாட்டினார். கேக் தட்டைத் தூக்கினார். சமையலறைக்குக் கொண்டுபோனார். மூடி போடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

இவன் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான், தோள் குலுங்கியது. அவனுக்கு மூன்றாம் துண்டு தட்டில் இருந்தது. அவன் முதல் தடவையே "யா" சொல்லியிருந்தான்.

நம் ஊரில் முதல் "வேண்டாம்" என்பது ஒரு தும்மல் மாதிரி, அதற்கு அர்த்தம் கிடையாது. ரெண்டாவதில் கொஞ்சம் விஷயம் இருக்கலாம். "அட, ஒண்ணே ஒண்ணு" என்று இலையில் விழுந்த பிறகு சொல்வதுதான் நிஜமான வேண்டாம், அதையும் இலைமேல் கையைக் குறுக்கே வைத்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்கும் இது தெரியும், ஆகவே மூன்று தடவை கேட்கிறார். கேட்காவிட்டால் "வாயில சொன்னா, மனசுல போடல" என்று பத்து வருடம் பேசுவோம். அந்த அம்மாளைப் பொறுத்தவரை, விருந்தாளி வேண்டாம் என்ற பிறகு மறுபடி கேட்பதுதான் அவமரியாதை. பெரிய மனுஷன் ஒருவன் யோசித்துச் சொன்ன வார்த்தையை நம்பவில்லை என்று ஆகிவிடும். டிக்கெட் பரிசோதிக்கும் கதவே இல்லாமல் மெட்ரோ ஓட்டுகிறார்களே, அதே கணக்கு. நம்புவார்கள். எப்போதாவது பரிசோதகர் ஏறி, நீங்கள் டிக்கெட் இல்லாமல் மாட்டினால் 60 யூரோ.

நான் கவனித்த இன்னொன்று, அந்த அம்மாள் இவனைப் பெயர் சொல்லி, இவன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டது. ஜெர்மனிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு. ஆனால் நமக்கு வயதும் உறவும் பார்த்து அது தானாக வந்து விழுகிறது, இரண்டாம் நாளே நான் அவரை ஆச்சி என்றிருப்பேன். அங்கே "இனிமேல் நீ போட்டுப் பேசலாமா" என்று மூத்தவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஏழு வருடம் "ஹெர்" என்று அப்பா பெயரையே சொல்லிக்கொண்டிருந்தவர், போன கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ் ஒயினோடு கதவைத் தட்டிக் கேட்டாராம். "அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலடா" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

காபி முடிந்து, வீட்டுக்கு மேலே இருக்கும் திராட்சைச் சரிவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கீழே நெக்கார் ஆற்றுப் பக்கம் கான்ஸ்டாட் திருவிழாவின் ராட்டினம் சுற்றுவது தெரிந்தது. கேக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தவன் நான், அந்த உற்சாகத்தில்தான் ஆரம்பித்தேன். "நீ முழு ஜெர்மன்காரனா ஆயிட்டடா. ஏர்போர்ட்டுக்கு வராதேன்னா வரமாட்ட. அம்மா வராதேன்னா அதையும் நம்பிட்டு உக்காந்திருக்க."

அவன் சிரிக்கவில்லை.

"வருஷத்துக்கு முப்பது நாள் லீவு எனக்கு. பதினோரு நாள் மிச்சம் வச்சிருக்கேன், எதுக்குன்னு நினைக்கிற? அவங்களுக்காகத்தான். மூணு தடவை கேட்டேன், வரட்டுமான்னு. மூணு தடவையும் வேண்டாம்."

"மூணு தடவை சொன்னாலே வா-ன்னுதானடா அர்த்தம்."

"தெரியும்டா." கொஞ்ச நேரம் ராட்டினத்தையே பார்த்தான். "அப்பாவுக்கு முடியாதப்பவும் அப்படித்தான் சொன்னாங்க. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, மே மாசம். சாதாரணக் காய்ச்சல்தான், இந்த நேரத்துல பிளைட் ஏறாத, வராதன்னு. அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியது என் வேலைன்னு அன்னிக்கு எனக்குத் தோணல. அஞ்சாம் நாள் வீடியோவுலதான் பார்த்தேன். அப்ப முடிவு பண்ணேன். இனிமே இவங்க என்ன சொல்றாங்களோ அதுதான். வேண்டாம்னா வேண்டாம். வரணும்னா வாயத் திறந்து வான்னு சொல்லட்டும்."

நாலு நாளாக நான் இவனைப் பற்றிப் பார்த்ததை எல்லாம் ஒரே கணக்கில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அட்டவணை, மணி, படிக்கட்டு, கட்டைவிரல் பொம்மை, எல்லாம் ஜெர்மனி. இதையும் அங்கேயே எழுதிவிட்டேன். இதற்கும் ஜெர்மனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாலரை வருடமாக ஒரு மகன் தன் அம்மாவிடம் போட்டிருக்கும் சண்டை இது, அவருக்கே தெரியாமல்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் செருப்பு மாட்டும்போதுகூட அவன் அம்மா மூன்றாம் தடவை சொன்னதை மட்டும் சொன்னேன். கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதையும் சொன்னேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. "நடக்குறேன், கோயிலுக்குப் போனேன்"னு சொன்னாங்களே என்றான். அப்புறம் ரெண்டு பேரும் பேசவில்லை. குளிர ஆரம்பித்தது.

இறங்கி வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து, ஊரில் எட்டரை, சீரியல் நேரம். ஒலிபெருக்கியில் போட்டான். அம்மா சீரியலைக் குறைத்துவிட்டு, என்னைப் பற்றிக் கேட்டு, வத்தல் உடையாமல் வந்ததா என்று கேட்டு, எல்லாம் ஆன பிறகு இவன், "அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதி வர்றேம்மா" என்றான்.

"எதுக்குய்யா? அதெல்லாம் வேண்டாம். நான்தான் அன்னிக்கே வேண்டாம்னு சொன்னேன்ல."

"நான் கேக்கலம்மா. வர்றேன்னு சொல்றேன்."

அந்தப் பக்கம் சீரியல் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன நாளு இருப்ப?"

"ரெண்டு வாரம்."

"ரெண்டு வாரமா?" மறுபடி சத்தமில்லை. "பால்கோவா வாங்கி வைக்கவா? அன்னிக்கு வாங்குனத இந்தப் பய எடுத்துட்டுப் போக மாட்டேன்னுட்டான்."

"வாங்கி வைம்மா. ஒரு கிலோ பத்தாது, ரெண்டு கிலோவா வாங்கு."